அஸர் நேரத்துக் காபி: லாத்தா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, நம்ம நாகூர் வீடுகளில் அடுப்புக்கு ஓய்வு கிடையாது. சுபுஹுக்கு எழுந்தால் எல்லாருக்கும் பசியாற, பிள்ளைகளுக்கு டிபன் டப்பா, மாமிக்கு மாத்திரை, மச்சான் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் நடுவில் வீடியோ கால். இத்தனைக்கும் நடுவில் உன் காபியை நீ நின்றபடி, ஆறிப்போன பிறகு, பாதிதான் குடிக்கிறாய். ஒரு நாளில் பத்து நிமிஷம் உனக்கென்று வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் உன் கையில் இருப்பது நல்ல காபியாகவும் இருக்க வேண்டும்.

தர்கா ஊர்ப் பெண்ணுக்குக் காபி அந்நியமும் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு சூஃபிகள் ராத்திரி திக்ருக்கு விழித்திருக்கக் காபி குடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும்போது ஏழு காபிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த மலைக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர்களெல்லாம் காபியை நேரம் ஒதுக்கி, உட்கார்ந்து குடித்தவர்கள். நாமும் அப்படியே குடிப்போம்.

பொடியைக் கொஞ்சமாக வாங்கு

நம்ம ஊர் உப்புக்காற்றில் காபிப்பொடி சீக்கிரம் நமுத்துக் கட்டிவிடும். ஒரே தடவையில் அரைக் கிலோ வாங்காதே. வறுத்து அரைத்துத் தரும் கடையில் நூறு கிராம், இருநூறு கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் எடு. பிளாண்டேஷன் ஏ, பீபெர்ரி இரண்டையும் பாதிப் பாதி கலக்கச் சொன்னால் மணமும் இருக்கும், திடமும் இருக்கும். சிக்கரி நூற்றுக்கு இருபது போதும். பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் பார். காபி நூற்றுக்கு 51க்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம். மீதி முழுக்கச் சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி சரிதான், ஆனால் கறுப்பாக இருக்குமே தவிர மணம் இருக்காது.

டிக்காஷனை ராத்திரியே போடு

இஷா தொழுதுவிட்டுப் படுக்கப் போகும்முன் பில்டரை எடு. மூன்று மேசைக்கரண்டி பொடியைக் குவித்துப் போட்டு, கம்பி வைத்த தட்டால் லேசாக அழுத்து. இறுக்கி அழுத்தினால் இறங்காது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விட்டு, ஒரு டம்ளர் அளவு மெதுவாகச் சுற்றி ஊற்றி மூடிவிடு. காலையில் கெட்டி டிக்காஷன் தயாராக இருக்கும். அதை நேரே அடுப்பில் வைத்துச் சுடவைக்காதே, கசந்துவிடும். கொதிக்கும் பாலை ஊற்றினாலே சூடு போதும். சாயங்காலத்துக்கு லுஹருக்குப் பிறகு புதிதாகப் போடு.

டிக்காஷன் இறங்கத் தாமதமானால் ஓட்டை அடைத்திருக்கிறது. ஸ்டீல் பில்டரின் மேல்பாத்திரத்தை அடுப்புத் தீயில் கொஞ்ச நேரம் காட்டு. அடைத்த பொடி கருகி உதிரும். ஆறியபின் கழுவிக்கொள்.

பாலும் சர்க்கரையும்

தண்ணீர் கலக்காத பசும்பாலை ஒரே கொதியில் இறக்கு. திரும்பத் திரும்பச் சுடவைத்த பாலில் ஆடை வாடை வந்துவிடும். நாட்டுச்சர்க்கரை போடுவதாக இருந்தால் பாலோடு கொதிக்க விடாதே, சில சமயம் திரிந்துபோகும். டம்ளரில் கலந்தபின் போடு. டபராவில் ரெண்டு ஆற்று ஆற்றினால் நுரையும் வரும், நாக்கு பொறுக்கும் சூடும் வரும்.

அஸர்தான் உன் நேரம்

தொழுகை ஐந்து வேளையும் நம் நாளைத் தானாகவே பிரித்துத் தருகிறது. இடைவேளைக்குத் தனியாக அட்டவணை தேவையில்லை. அஸர் தொழுது எழுந்ததும் பத்து நிமிஷம் முற்றத்திலோ மாடியிலோ உட்கார். மாடியில் கடல்காற்று வரும், மினாராவும் தெரியும். போனை உள்ளேயே வைத்துவிட்டுப் போ. "பத்து நிமிஷம் லேட்டாகும்" என்று வீட்டில் வாய்விட்டுச் சொல். சொல்லாமல் ஒளிந்து குடித்தால் நடுவில் கூப்பிடத்தான் செய்வார்கள்.

மஃரிபுக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் கெட்டால் மறுநாள் சுபுஹு கஷ்டமாகிவிடும்.

உடம்பையும் பார்த்துக்கொள்

சாப்பாட்டோடு காபி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. நம் பெண்களில் நிறையப் பேருக்கு ரத்தசோகை. அதனால் பசியாறி ஒரு மணி நேரம் விட்டுக் குடி. இரும்புச்சத்து மாத்திரையையும் காபியோடு விழுங்காதே. வயிற்றில் பிள்ளை இருந்தால் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் நிற்க வேண்டும். சின்ன டம்ளரில் ரெண்டோடு நிறுத்தி, டாக்டரிடமும் கேட்டுக்கொள்.

நோன்பிலும் கந்தூரியிலும்

நோன்பின் முதல் ரெண்டு நாள் வரும் தலைவலி பலருக்குக் காபி நின்றதால் வருவது. ரமலானுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு வேளையாகக் குறைத்து வா.

கந்தூரியின் பதினாலு நாளும் வீட்டில் விருந்தாளி இருப்பார்கள். சந்தனக்கூடு ராத்திரி யாரும் தூங்கப்போவதில்லை. பெரிய பில்டர் ஒன்றை எடுத்து வைத்து, டிக்காஷன் போடும் பொறுப்பைப் பையன்களிடம் கொடு. பன்னிரண்டு வயசுப் பையனுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தரம் காட்டினால் போதும், கற்றுக்கொள்வான். நீ போடுவதைவிடச் சுமாராக வந்தாலும் குறை சொல்லாமல் வாங்கிக் குடி.

இன்னொன்று, தங்கச்சி. அஸருக்கு நீ உட்காரும்போது மாமிக்கும் ஒரு டம்ளர் கலந்து பக்கத்தில் உட்கார வை. உன் வயசில் இந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்கலாம் என்று அவங்களுக்கு யாருமே சொன்னதில்லை.