ஒத்த உருவம், ஒவ்வா உறுப்பு

விடுதியில் நண்பர் ஒருவர் என்னிடம் இரு படங்களைக் காட்டினார். இரண்டும் அமெரிக்காவின் வின்செஸ்டர் ஆலையில் செய்த பழைய நெம்புகோல் துப்பாக்கிகள். விசையைச் சூழ்ந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். புதுத் தோட்டா உள்ளே ஏறும். ஒன்று 1886-ஆம் ஆண்டு மாதிரி, மற்றது 1892-ஆம் ஆண்டு மாதிரி. “அண்ணன் தம்பி போல் இருக்கின்றனவே! ஒன்றின் உறுப்பை மற்றதில் மாட்டினால் என்ன?” என்றார்.

நல்ல கேள்விதான். இரண்டையும் அமைத்தவர் ஜான் பிரவுனிங். முன்னதைச் சுருக்கிச் செய்ததே பின்னது. உருவம் ஒன்று, அளவு வேறு. அண்ணன் சட்டை தம்பிக்குச் சேருமா?

சரி, பெயரை நம்பலாமா என்றால் அதுவும் ஏமாற்றும். 1924-இல் வந்த 53-ஆம் மாதிரியின் பெயர் புதிது. உள்ளே இருப்பதோ 1892-இன் அமைப்பே. மாறாக, 94 என்ற ஒரே பெயரில் 1964-க்கு முன்னும் பின்னும் வந்தவற்றில் பல உறுப்புகள் ஒன்றுக்கொன்று சேரா. செலவைக் குறைக்க அவ்வாண்டில் செய்முறையை மாற்றினர்; தோட்டாவை மேலே தூக்கித் தரும் உறுப்பைக்கூடத் தகட்டை அழுத்திச் செய்தனர். பழந்துப்பாக்கிப் பிரியர்கள் இன்றும் அதை மன்னிக்கவில்லை!

திருகாணி பொருந்தாவிட்டால் நட்டம் சிறிது. தோட்டாவின் பின்புறத்தை அணைத்து நிற்கும் அடைப்புக்கட்டையோ அப்படிப்பட்டதன்று. 30-30 என்னும் தோட்டா வெடிக்கையில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு வரை போகலாம். தோட்டாவின் அடிப்பரப்பு ஏறக்குறைய 0.14 சதுர அங்குலம். பெருக்கிப் பாருங்கள்: பின்னோக்கித் தள்ளும் பளுவின் மேல்வரம்பு 5,900 பவுண்டை நெருங்குகிறது! வேறொரு துப்பாக்கியின் கட்டையை மாட்டியதால் தோட்டாவுக்குப் பின்னே இடைவெளி ஆயிரத்தில் சில அங்குலம் கூடிவிட்டால், பித்தளைக் கூடு பின்புறமாக நீண்டு கிழியக்கூடும். பிறகு கொதிக்கும் வாயு சுடுபவர் முகத்துக்குத்தான் வரும்.

கட்டை வழுக்கிக்கொண்டு போய் அமர்ந்தது என்பது சான்றாகாது. அதற்கென்றே இரண்டு எஃகு அளவுகட்டைகள் உண்டு. ஒன்றை வைத்தால் துப்பாக்கி மூடவேண்டும்; மற்றொன்றை வைத்தால் மூடக்கூடாது. இரண்டாவதிலும் மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடலாகாது.

இவ்வளவும் கேட்ட நண்பர், “அப்படியானால் திருகாணிகளை மட்டுமாவது மாற்றிக்கொள்ளலாமே?” என்றார். அதற்கும் முதலில் மரைகளை எண்ணவேண்டும் என்றேன்.