தாது வருஷமும் 2038-ம்

கேள்வி: பஞ்சம் என்றாலே என் அப்பத்தா 'தாது வருஷம்' என்பார். பஞ்சாங்கமோ 1996-ஐயும் தாது என்கிறது. கம்ப்யூட்டருக்கும் 2038-ல் இப்படி ஒரு குழப்பம் வருமாமே, அது எங்கே தொடங்கியது?
– கல்லூரி மாணவி, அருப்புக்கோட்டை

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: இடம் தீர்ந்ததும் கணக்கு திரும்பி வருவது. அப்பத்தா சொல்வது 1876. சென்னை மாகாணத்தையே வாட்டிய பஞ்சத்துக்கு அந்த வருஷத்தின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் நம்மிடம் உள்ள பெயர்கள் 60. அட்சய முடிந்தால் மறுபடி பிரபவ. அதனால் 1936-ம் தாது, 1996-ம் தாது, 2056-ம் தாது. இது தெரிந்துதான் பழைய சாசனங்களில் வருஷப் பெயரோடு சகாப்தத்தையும் சேர்த்து எழுதினார்கள். சகாப்தம் 1798 என்று இருந்தால் அந்தத் தாது 1876-தான். சகாப்த எண் திரும்பி வராது.

கம்ப்யூட்டர் கதை 1971-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்ஸ், நேரத்தை விநாடியில் அறுபதில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணியது. அந்தப் பாத்திரம் இரண்டேகால் வருஷத்தில் நிரம்பிவிடும். பிறகு 1970 ஜனவரி 1 முதல் முழு விநாடிகளாக எண்ணும்படி மாற்றினார்கள். கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக, உச்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அது நிரம்பும். அடுத்த விநாடி எண் கழித்தல் பக்கம் புரண்டுவிடும்: 1901 டிசம்பர்!

இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் 64 பிட். அதில் 29,200 கோடி வருஷம் கொள்ளும். ஆனாலும் எனக்குக் கவலை தருவது, அந்தப் பெரிய எண்ணை யாரோ ஒருவர் நிரலின் ஒரே வரியில் 32 பிட் இன்டிஜருக்குள் திணிப்பதுதான். மில்லி விநாடியாக எண்ணினால் 25 நாள்கூடத் தாங்காது. 2018-ல் வாங்கிய 20 வருஷக் கடனின் கடைசித் தவணையே 2038-ல்தான். அந்தத் தேதியைக் குறுகிய எண்ணில் கணக்கிட்ட நிரல் 2018-லேயே தவறியிருக்கும்.

உங்கள் ஊர்ப் பக்கம் சொட்டுநீர் மோட்டாருக்கு அர்டுயினோவில் டைமர் செய்கிற மாணவர்கள் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: அர்டுயினோவின் மில்லி விநாடிக் கணக்குக்குக் கழித்தல் குறி கிடையாது; அதனால் அது 49 நாள் 17 மணி நேரத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பும். 'தொடங்கிய நேரத்தோடு 20 நிமிடம் கூட்டி, அதைத் தாண்டினால் நிறுத்து' என்று எழுதினால், அந்தத் திருப்பத்தில் கூட்டுத்தொகை சின்ன எண்ணாகிவிடும். மோட்டார் ஓடத் தொடங்கியதுமே நின்றுவிடும். 'இப்போதைய கணக்கிலிருந்து தொடங்கிய கணக்கைக் கழி. 20 நிமிடம் ஆனால் நிறுத்து' என்று எழுதுங்கள். குறியில்லாத எண்ணில் அந்தக் கழித்தல், பூஜ்யத்தைத் தாண்டினாலும் சரியாகவே வரும். சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டாம். கணக்கு நிரம்ப ஒரு நிமிடம் இருக்கிற எண்ணிலிருந்து தொடங்கி ஓட்டிப் பாருங்கள்.