தலைத்தோலின் அமைப்பும் தலைக்காயமும்

எண்ணூர் முதல் இராயபுரம் வரையுள்ள கரையோரத்தில் தலையில் அடிபடுவதற்குக் காரணங்கள் பல. விசைப்படகில் இழுவைக் கயிறு அறுந்து வீசும். துறைமுகத்தில் சுமை சரியும். தொழிற்சாலையில் இரும்புத் துண்டு தெறிக்கும். இரத்தம் பெருகக் கண்டதும் சூழ நிற்போர் திகைத்துக் காப்பிப் பொடியையோ சுண்ணாம்பையோ ரணத்தில் அப்புகின்றனர். வைத்தியருக்கோ, ரணத்தைத் தைக்குமுன் அப்பொடியைக் கழுவியெடுப்பதே முதல் வேலையாகிவிடுகிறது. தலைத்தோலின் அமைப்பை அறிந்தவர் இங்ஙனம் செய்யார்.

மண்டையை மூடிய தோல் ஐந்து அடுக்குகளால் ஆனது. முதலாவது, மயிர் வளரும் தோல். இரண்டாவது, தேங்காய் நார்போல் நெருங்கிப் பின்னிய நார்த்திசு. மூன்றாவது, நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைக்கும் உறுதியான சவ்வு. நான்காவது, தளர்ந்த மெல்லிய திசு. ஐந்தாவது, எலும்பைப் போர்த்திய சவ்வு. முதல் மூன்றும் ஒன்றோடொன்று இறுகப் பற்றி, ஒரே விரிப்பாக நான்காவதன்மேல் நகர்கின்றன. எண்ணெய் தேய்க்கையில் விரலின் கீழ்த் தலைத்தோல் முன்னும் பின்னும் அசைவது இதனாலேயே.

இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இரண்டாம் அடுக்கில் ஓடுகின்றன. உடலின் பிற இடங்களில் அறுபட்ட குழாய் சுருங்கி வாய் மூடிக்கொள்ள முயலும். தலையிலோ, சுற்றியுள்ள நார்கள் குழாயின் சுவரைப் பற்றி இழுத்து நிற்பதால் அதன் வாய் திறந்தபடியே இருக்கும். ஆகையால் சிறிய வெட்டிலும் இரத்தம் மிகுதியாகக் கொட்டும். ஆனால், கீழே கெட்டியான எலும்பு இருப்பது பெரிய அனுகூலம். சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்தினால் குழாய் எலும்பின்மேல் நசுங்கி, இரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். நின்றதா என்று இடையிடையே துணியைத் தூக்கிப் பார்ப்பது தவறு. எலும்பு உள்வாங்கியதாகத் தோன்றினால் மட்டும் அவ்விடத்தை அழுத்தாமல் துணியால் மூடி, உடனே வைத்தியசாலைக்கு அனுப்புக.

நான்காம் அடுக்கை வைத்தியர்கள் அபாய அடுக்கு என்பர். அதில் புகுந்த இரத்தமும் சீழும் மண்டை முழுவதும் பரவ வழியுண்டு. அதனைக் கடந்து செல்லும் சிறு சிரைகள் மண்டையோட்டினுள் உள்ள சிரைகளோடு சேர்வதால், சீழ்நோய் உள்ளே செல்லவும் கூடும். நெற்றித் தசை முன்புறத்தில் எலும்போடு ஒட்டாமையால், உச்சியில் அடிபட்டவருக்கு மறுநாள் இமைகள் கறுத்து வீங்குவதுண்டு. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தாலும் இதே அடையாளம் தோன்றுமாதலால், அதனை அற்பமாக எண்ணலாகாது.

சுழலும் யந்திரத்தில் கூந்தல் சிக்கினால், தலைத்தோல் இந்த அடுக்கிலேயே கழன்றுவிடும். 1994-ஆம் ஆண்டில் வட இந்தியாவில், கதிரடிக்கும் யந்திரத்தில் பின்னல் சிக்கி, ஒன்பது வயதுச் சிறுமியின் தலைத்தோலும் முகமும் பெயர்ந்தன. உறவினர் அவற்றைப் பையிலிட்டு உடன் கொண்டுசென்றனர். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆபிரகாம் தாமஸ் குழுவினர் இரத்தக் குழாய்களை இணைத்து மீண்டும் பொருத்தினர். பெயர்ந்த தோலைக் கொண்டுசெல்லாதிருந்தால் இந்தச் சிகிச்சைக்கே இடமில்லை. அத்தகைய தோலை ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து அனுப்புக. பனிக்கட்டி தோலை நேரே தொட்டால் திசு உறைந்து கெடும்.

இராயபுரத்தை அடுத்து, மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வழங்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1938 முதல் அது மருத்துவக் கல்லூரியாகவும் விளங்குகிறது. வடசென்னையினர் பலருக்கு அதுவே அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலை.

முகத்தின் நிலை சற்று வேறு. பிற இடங்களில் தசை பெரும்பாலும் எலும்பிலிருந்து எலும்புக்குச் செல்லும். முகத்தில் தோலிலேயே போய்ச் சேரும். சிரிப்பும் சுளிப்பும் அதனால் உண்டாகின்றன. இத்தசைகளை அசைக்கும் நரம்பு காதின் கீழே வெளிப்பட்டு, ஐந்து கிளைகளாகக் கன்னத்தில் விரிகிறது. கன்னத்தில் ஆழமாக வெட்டுண்டவரைக் கண்ணை இறுக மூடவும் பல்லைக் காட்டவும் சொல்லுக. ஒரு பக்கம் அசையாவிடில் நரம்பு அறுபட்டிருக்கக்கூடும். அதனை வைத்தியரிடம் முதலிலேயே தெரிவித்தல் வேண்டும்.

மூக்கின் அடிவேர் முதல் வாயின் இரு கோடிகள் வரையுள்ள முக்கோணத்தில் எழும் கட்டியைப் பிதுக்குதல் கூடாது. அங்குள்ள சிரைகள் கண்ணின் வழியாக மண்டையினுள் உள்ள சிரைகளோடு தொடர்புடையவை. கட்டியுடன் காய்ச்சலும் கண் வீக்கமும் கண்டால், விடியும்வரை காத்திராமல் அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.