பதிவிறக்கமும் சரிபார்ப்பும்

மென்பொருளை இணையத்திலிருந்து பதிவிறக்குவோர், ‘உரியவர் தளத்திலேயே பெறுக’ என்னும் அறிவுரையைக் கேட்டிருப்பர். அது நல்லுரையே, ஆயினும், அது மட்டுமே போதுமானதன்று.

லினக்ஸ் மின்ட் என்பது இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். 2016 பிப்ரவரி 20ஆம் நாள் அதன் இணையதளத்தினுள் அத்துமீறிப் புகுந்தோர், பதிவிறக்க இணைப்பை மாற்றி, நச்சுநிரல் மறைந்திருந்த போலிக் கோப்பிற்கு வழிதிருப்பினர். அன்று ‘17.3 சின்னமன்’ பதிப்பை அவ்விணைப்பின் வழியே பெற்றோர், உரிய இடத்திற்கே சென்றும் ஏமாந்தனர்.

இவ்விடரைத் தவிர்க்கும் வழி யாது? கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுக்கப்படும் சரிபார்ப்புக் குறியீடு ஒன்று உண்டு. அது மனிதரின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் குறியீடு மாறிவிடும். விண்டோஸ் கணிப்பொறியில் ‘செர்ட்யூட்டில்’ என்னும் கட்டளையால் அதனைக் கணித்து, வெளியிட்டோர் அறிவித்த குறியீட்டுடன் ஒப்பிடலாம். எனினும், தளத்தையே கைப்பற்றியோர் அங்குள்ள குறியீட்டையும் மாற்றக்கூடும். ஆதலின், வெளியிட்டோரின் மின்கையொப்பத்தையும் சோதித்தறிதல் சாலச் சிறந்தது.

பொன்னை உரைத்துப் பார்த்தன்றி வாங்காத நாம், கோப்பினையும் சரிபார்த்தன்றித் திறவாதிருப்போமாக!