கல்லாச் சாவியைக் கைமாற்றும் காலம்

தமிழக அரசு ஊழியருக்கு 60 வயது நிறைந்தால் ஓய்வு என்பது 2021 முதல் விதி. வணிகர்களாகிய நமக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. கடையை விட்டு இறங்கும் நாளை நாமே குறிக்க வேண்டும். நாம் குறிக்கத் தவறினால் நோயோ தள்ளாமையோ குறித்துவிடும். ஆகவே இதை முன்கூட்டியே சிந்திப்பது அவசியம்.

ஓய்வு சிலருக்கு ஒத்துக்கொள்கிறது. சிலரை ஒரே வருடத்தில் ஒடுக்கிவிடுகிறது. கையிருப்பு மட்டும் இதற்குக் காரணமல்ல. 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பார்கள். இளமையில் நாம் பட்டதும் பழகியதும்தான் முதுமையில் நம்மோடு வந்து உட்காருகின்றன.

பயம் தந்த பழக்கம்

குரும்பலூர், பெரம்பலூர் வட்டாரம் பெரும்பாலும் மானாவாரி பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விற்றுக் காசானால்தான் கடைப் பாக்கி தீரும். மழை பொய்த்தால் பேரேட்டில் பற்று ஏறிக்கொண்டே போகும். சரக்குக் கொடுத்தவரிடம் தவணை சொல்லி நிற்க வேண்டும். அப்படி நின்ற நாட்கள்தான் நமக்குச் சிக்கனத்தையும் எச்சரிக்கையையும் கற்றுத் தந்தன. ஆனால் அதே பயம், 65 வயதிலும் மகனைப் பார்த்து, "யாரைக் கேட்டுக் கடன் கொடுத்தாய்?" என்று வாடிக்கையாளர் முன்னிலையில் கேட்க வைக்கிறது. 45 வயதிலும் 'சின்ன முதலாளி'யாகவே இருக்கும் பிள்ளை, கடையே வேண்டாம் என்று வேறு வேலைக்குப் போய்விடுவதை நம் ஊர்களில் காண்கிறோம்.

கஷ்டம் மட்டும் போதாது

"நாம் படாத கஷ்டமா? ஓய்வு ஒரு பெரிய விஷயமா?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க அறிஞர் கிளென் எல்டர், 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கிய பெண்கள், ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து முதுமையில் எப்படி இருந்தார்கள் என்பதை இன்னொருவருடன் சேர்ந்து ஆராய்ந்து 1982இல் வெளியிட்டார். ஓரளவு வசதியும் படிப்பும் இருந்து கஷ்டத்தைச் சமாளித்த பெண்கள், கஷ்டமே காணாதவர்களைவிட மனத் தெம்போடு இருந்தார்கள். எந்தப் பிடிமானமும் இல்லாமல் அடிபட்ட ஏழைப் பெண்களோ முதுமையில் மேலும் தளர்ந்திருந்தார்கள். அதாவது கஷ்டத்தைத் தாண்டிய அனுபவம்தான் பலம் தருகிறது. கஷ்டம் மட்டும் தருவதில்லை. ஆகவே, 'எதை இழந்தோம்' என்பதோடு, 'எதைக் கொண்டு மீண்டோம், யார் கை கொடுத்தார்கள்' என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓய்விலும் நமக்குத் துணை அவையே.

தொடர்ச்சி வேண்டும்

ராபர்ட் ஆட்ச்லி என்ற அறிஞர் 1989இல் எழுதிய கருத்து நமக்கு நன்றாகப் பொருந்தும். முதுமையை எதிர்கொள்ளும்போது மனிதர்கள் தங்களுக்குப் பழக்கமான வழிகளையும் உறவுகளையும் தொடரவே முயல்கிறார்கள் என்பது அவர் கூற்று. அதிகாலை எழுந்து மூட்டையில் கைவிட்டுத் துவரம்பருப்பின் தரம் பார்த்தவரைத் திடீரென்று திண்ணையில் உட்காரச் சொன்னால் எப்படி? சங்கம், கோயில் திருப்பணி, பள்ளிக்கூடக் காரியம் என்று கடைக்கு வெளியேயும் பழகியவர் தடுமாறுவதில்லை. கடை ஒன்றே உலகம் என்றிருந்தவர் 50 வயதிலாவது வெளியே ஒரு பழக்கத்தைத் தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் கொள்முதலை ஒப்படையுங்கள், பின்பு வசூலை, கடைசியில் கல்லாவை. ஒப்படைத்த பகுதியில் கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள். சரக்கின் தரம் பார்ப்பதைப் போல உங்கள் கை அறிந்த ஒரு வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தனி உரிமையாளர் கடையைப் பிள்ளைக்கு மாற்றும்போது ஜி.எஸ்.டி. பதிவில் பெயரை மட்டும் மாற்ற இயலாது. பிள்ளை தன் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றலாம். மாற்றும் நாள் வரையிலான வரிப் பாக்கிக்கு இருவருமே பொறுப்பு. எனவே பாக்கியைத் தீர்த்துவிட்டு ஒப்படைப்பதே முறை.

சொத்தை எழுதிக் கொடுத்தால், நம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் ஆவணத்தில் சேருங்கள். பராமரிப்புத் தவறினால் அந்த மாற்றத்தைச் செல்லாததாக்க, 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. பிள்ளைமீது சந்தேகம் கொண்டு செய்வதல்ல இது. கொள்முதலுக்குப் பில் வாங்குவதைப் போன்றதுதான்.

வீட்டம்மாவிடமும் கலந்து பேசுங்கள். இத்தனை வருடமும் சாப்பாட்டு நேரத்தில் கல்லாவைப் பார்த்துக்கொண்டு, பொட்டலமும் மடித்த அவருக்கும் இந்த ஓய்வில் பங்கு உண்டு.

கணக்கை முடித்து, இருப்பைச் சரிபார்த்து, மனம் ஒப்பிச் சாவியைக் கொடுப்போம். தெம்பு இருக்கும்போதே கொடுத்தால்தான், பிள்ளை தடுமாறும் இடத்தில் அருகிலிருந்து சொல்லிக் கொடுக்க நம்மால் முடியும்.