போக ஏழு, வர ஐந்தரை!

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வான்வழித் தூரம் சுமார் 5,540 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 6 மணி 9 நிமிடம். போக வர 12 மணி 19 நிமிடம். அவ்வளவுதானே?

அதுதான் இல்லை! அந்தப் பாதையில் உயரே, ‘ஜெட் ஸ்ட்ரீம்’ எனும் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதன் வேகம் 100 கி.மீ. என்று கொள்வோம்.

நியூயார்க் போக (எதிர்க்காற்று):
5540 ÷ 800 = 6 மணி 56 நிமிடம்

லண்டன் திரும்ப (பின்காற்று):
5540 ÷ 1000 = 5 மணி 32 நிமிடம்

மொத்தம் 12 மணி 28 நிமிடம்.

போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் 9 நிமிடம் கூடிவிட்டதே, ஏன்? தடுக்கும் காற்றில் விமானம் அதிக நேரம் பறக்கிறது. தள்ளிவிடும் காற்றில் குறைந்த நேரமே பறக்கிறது. அதனால் நஷ்டம் முழுசாக ஈடாவதில்லை. ஏறி இறங்கும் நேரம் இதில் சேராது, அது தனி.

எனவே, சராசரி வேகம் கேட்டால் 800-ஐயும் 1000-ஐயும் கூட்டிப் பாதியாக்காதீர்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுங்கள். 889 தான் வரும். எரிபொருளையும் வெறும் கிலோமீட்டரை மட்டும் பார்த்து நிரப்ப முடியாது. காற்றையும் பார்த்தாக வேண்டும். அட்லாண்டிக் நடுவே பெட்ரோல் பங்க் கிடையாதே!