வேதம் வாசிக்கிறேன், வாழ்க்கையில் வரவில்லையே!

கேள்வி: தினமும் காலையில் வேதம் வாசிக்கிறேன். ஆனால் வாசித்தது சமையலறைக்குள் போவதற்குள் மறந்துவிடுகிறது. அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கைக்கொள்வது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, நாளுக்கு நான்கு அதிகாரம் என்று ஓடாதீர்கள். ஒரே ஒரு கட்டளையை எடுத்து, அது உங்கள் வீட்டில் யாரைத் தொடுகிறது என்று பாருங்கள்.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. அவன் ஏழை, அந்தப் பணத்தை நம்பியே இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. வேலை செய்தவன் சொந்த ஜனமா, அந்நியனா என்ற பேதம் அங்கே இல்லை. யாக்கோபு 5-ஆம் அதிகாரம் இன்னும் கடுமை: அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது.

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு ஒன்றாம் தேதியே சம்பளம் போகிறதா? “சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கோ” என்பது நமக்குச் சாதாரணப் பேச்சு. அவருக்கோ அன்று சாயங்காலம் சீட்டுப் பணம் கட்ட வேண்டியிருக்கும். கட்டாவிட்டால் வட்டிக்கு வாங்குவார். அந்த வட்டிக்கு நாமும் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன். சனிக்கிழமை கொத்தனாரை அலையவிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் தாராளமாகப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மாதம் முப்பதாம் தேதியே பணத்தை எண்ணி, உறையில் போட்டு வையுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.